நெட் போனாலும் எரிய வேண்டிய விளக்கு

என் கணவரின் கைகால்கள் சொன்னபடி கேட்பதில்லை. நான்கு வருடத்துக்கு முன்பு மழை ஈரத்தில் பைக் சறுக்கி விழுந்தார். கழுத்தருகே முதுகுத்தண்டில் அடி. இப்போது தோளை அசைப்பார், முழங்கையைக் கொஞ்சம் மடக்குவார், விரல்கள் மட்டும் எதையும் பிடிக்காது. வாய்க்கு ஒரு குறையும் இல்லை. போர்ட் பிளேர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டு, கீழே நிற்கிறவர்களை வாய் ஓயாமல் கிண்டல் செய்த மனிதர். கிண்டல் அப்படியே இருக்கிறது, மூச்சுதான் குறைந்துவிட்டது. குரல் அறைக்கு வெளியே போகாது.

அதனால்தான் போர்ட் பிளேரில் டாலிகஞ்ச் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஸ்மார்ட் ஸ்பீக்கர் வந்தது. கட்டிலருகே ஒன்று, கூடத்தில் ஒன்று. ஃபேன் போடு என்றால் போடும், விளக்கை அணை என்றால் அணைக்கும். எனக்கு ஜங்லிகாட் பகுதியில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. காலை எட்டுக்குப் போனால் திரும்ப மாலை ஆறு ஆகும். நடுப்பகலில் பக்கத்து வீட்டுப் பெங்காலிப் பெண், நாங்கள் தீதி, அதாவது அக்கா என்று கூப்பிடுகிறவள், வந்து சாப்பாடு ஊட்டிவிட்டு, அவரைப் புரட்டிப் படுக்க வைத்துவிட்டுப் போவாள். மற்ற நேரமெல்லாம் அவரும் அந்த ஸ்பீக்கரும்தான். இப்படியே மூன்று வருடம் ஓடியது.

போன செப்டம்பரில் ஒரு நாள் மதியம் இரண்டு மணிக்கு நெட் போனது. எங்கள் தீவில் இது புதிதல்ல. கடலடியில் கேபிள் வந்த பிறகு எவ்வளவோ தேவலை, ஆனாலும் எங்கேயாவது ரோட்டைத் தோண்டுவார்கள், எதையாவது அறுப்பார்கள். நெட் இல்லாவிட்டால் மற்றவர்களால் போன் பார்க்க முடியாது, அவ்வளவுதான். என் கணவருக்கு வீடே நின்றுபோகும். அன்று ஃபேன் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. வெளியே மழை கொட்ட ஆரம்பித்தது. போர்வை நழுவிக் கீழே விழுந்துவிட்டது. ஃபேனை நிறுத்தச் சொல்லி அவர் கேட்க, இணைய இணைப்பு இல்லை என்று ஸ்பீக்கர் பதில் சொன்னது. மறுபடி கேட்டார், மறுபடி அதே பதில். தீதியைக் கூப்பிட்டிருக்கிறார். தகரக் கூரையில் மழை விழுகிற சத்தத்தில் அவர் குரல் அவருக்கே கேட்டிருக்காது. நான் வந்து பார்த்தபோது இருட்டறையில் உதடு நீலம் பாரித்து நடுங்கிக்கொண்டிருந்தார்.

"அதைத் திட்டாத புள்ள," என்றார், நான் ஸ்பீக்கரைப் பிடுங்கி எறியப் போனபோது. "ரொம்ப மரியாதையான சாமான். நாலு மணி நேரமா ஸாரி ஸாரின்னே சொல்லுச்சு."

அவர் சிரித்தார். நான் சமையலறைக்குப் போய் அழுதேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று எல்லோரும் சொல்வார்கள். அன்று கோபம்கூட வரவில்லை, பயம்தான் வந்தது.

விஷயம் மதுரையில் இருக்கும் மூத்தாருக்குப் போனது. என் கணவரின் அண்ணன் அவர். நல்ல மனிதர், தம்பி மேல் உயிர். மறுநாளே போன் செய்தார்.

"போதும்மா. நான் வந்து தம்பியைக் கூட்டிட்டு வந்துர்றேன். இங்க என் வீட்டுக்காரி இருக்கா, பிள்ளைக இருக்குதுக. எந்நேரமும் ஆள் இருக்கும். நீ மாசா மாசம் வந்து பாத்துக்க."

மாசா மாசம் கடல் தாண்டி வந்து பார்க்கிற சம்பளமா எனக்கு? இந்த வீடு ஓடுவதே என் வேலையில். வேலையை விட்டுவிட்டு நானும் போய் அவர்கள் வீட்டில் உட்கார முடியாது. ஆக, அவர் அங்கே, நான் இங்கே. மூத்தார் அதை வாயால் சொல்லவில்லை, எனக்கு விளங்கிவிட்டது. பக்கத்தில் படுத்திருந்தவருக்கும் விளங்கிவிட்டது. சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"டிசம்பர் வரைக்கும் பொறுங்க அத்தான்," என்றேன். "நெட் இல்லாட்டியும் வீடு வேலை செய்யுற மாதிரி ஒரு வழி பண்ணுறேன். ஏலாட்டி நானே அனுப்பி வைக்கிறேன்."

ஏலாட்டி என்பது, முடியாவிட்டால் என்பதற்கு, என் அம்மா வீட்டுப் பேச்சு. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இங்கே தெற்கே இருக்கும் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தவர்கள் எங்கள் ஆட்கள். கல்யாணமான நாளிலிருந்து என் கணவர் அந்தச் சொல்லைக் கேலி செய்வார். அன்று செய்யவில்லை.

வாக்குக் கொடுத்தாயிற்று. ஆழம் தெரியாமல் காலை விட்டவள் நான்தான். லேபில் ரத்தத்தை எண்ணுகிற மெஷின் அடம்பிடித்தால் திறந்து துடைத்து ஓட வைக்கத் தெரியும், அதற்கு மேல் கம்ப்யூட்டர் படிப்பு ஒன்றும் கிடையாது. ஆனால் தேடத் தெரியும். வீட்டுக்குள்ளேயே, வெளி நெட் இல்லாமல், பேச்சைப் புரிந்துகொண்டு வேலை செய்யும் மென்பொருள்கள் இருக்கின்றன, அவற்றை உலகமெங்கும் உள்ளவர்கள் சேர்ந்து எழுதி இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று ஒரு வாரத்தில் தெரிந்துகொண்டேன்.

பிறகு தேர்வு. தினமும் சாப்பாடு ஊட்டும்போது ஒவ்வொன்றைப் பற்றியும் அவருக்கு வாசித்துக் காட்டுவேன். பெண் பார்க்கப் போன வீட்டில் உட்கார்ந்திருக்கும் மாமா மாதிரி மென்றுகொண்டே அவர் தீர்ப்புச் சொல்வார். முதலாவது பார்க்க லட்சணம். படங்களெல்லாம் அழகு. ஆனால் கணக்குத் தொடங்கச் சொன்னது, பேசுகிற ஒவ்வொரு பேச்சையும் எங்கேயோ அனுப்பிக் கேட்டு வந்துதான் பதில் சொன்னது. "இப்ப இருக்கிறதுக்குத் தங்கச்சி," என்றார். இரண்டாவது நல்ல கெட்டிக்காரி, வெளியே எதையும் அனுப்பாது. ஆனால் எழுதியவர்கள் கைவிட்டுப் போய்விட்டார்கள். அதன் கேள்வி பதில் பக்கத்தில் கடைசியாக ஒருவர், யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டிருந்தார். மூன்று வருடமாக அதற்குப் பதில் இல்லை. அதை வாசித்தபோது இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை. அந்த மதியத்துக்குப் பிறகு அந்தக் கேள்வி எங்களுக்கு வேடிக்கையாகத் தெரியவில்லை.

மூன்றாவதற்கு முகவெட்டு கிடையாது. விளக்கப் புத்தகம் நீண்டுகொண்டே போனது, பாதி புரியவில்லை. ஆனால் யார் என்ன முட்டாள்தனமாகக் கேட்டாலும் ஒரு நாளுக்குள் யாரோ பொறுமையாகப் பதில் எழுதியிருந்தார்கள். கேட்பது, புரிந்துகொள்வது, பதில் சொல்வது எல்லாம் வீட்டுக்குள் இருக்கும் கம்ப்யூட்டரிலேயே நடந்தது. "வெளியே போற வயரைப் பிடுங்கிட்டுப் பேசிப் பாரு. பேசிச்சுன்னா அதையே முடிச்சிரு," என்றார். முடித்துவிட்டேன்.

லேபில் ஓரமாகத் தூக்கிப் போட்டிருந்த பழைய லேப்டாப்பை முதலாளியிடம் கேட்டு வாங்கினேன். கரண்ட் போனாலும் பேட்டரியில் நிற்கும், அது எனக்குப் பிடித்தது. ஸ்மார்ட் ஸ்பீக்கர்கள் பூட்டிய பெட்டிகள், உள்ளே கை வைக்க முடியாது. ஆனால் இரண்டுக்கும் பின்புறம் பாட்டு வயர் சொருகும் துளை இருந்தது. ஆக வாயை மட்டும் வைத்துக்கொண்டு காதையும் மூளையையும் மாற்றுவது என்று முடிவு செய்தேன். காதுக்குப் புது மைக், மூளைக்கு லேப்டாப். பழைய வைஃபை பல்புகளும் உதவாமல் போயின. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்கிற மாதிரி, என் லேப்டாப் எரி என்று சொன்னாலும் அவை தங்கள் கம்பெனியைக் கேட்காமல் எரியாது. அதனால் வீட்டுக்குள்ளேயே பேசிக்கொள்ளும் சுவிட்சுகள் நான்கு தேவைப்பட்டன.

எங்களுக்கு எது வேண்டுமென்றாலும் மெயின்லேண்டிலிருந்து வர வேண்டும். விற்பவர்களில் பாதிப் பேர் எங்கள் பின்கோடைப் பார்த்ததும் அனுப்ப இயலாது என்று சொல்லிவிடுவார்கள். அதனால் தீவுக்காரர்கள் எல்லோரிடமும் ஒரு சென்னை விலாசம் இருக்கும். அங்கே ஒரு கார்கோ ஏஜெண்ட் பொருளை வாங்கி மொத்தமாகக் கட்டிக் கப்பலில் ஏற்றிவிடுவார். எனக்கு என் வீட்டு விலாசத்தைவிட அந்த ஏஜெண்ட் விலாசம்தான் கண்ணை மூடிக்கொண்டு எழுத வரும். சாமான்கள் வந்து சேர இருபது நாள் ஆனது.

அதற்குள் ஞாயிற்றுக்கிழமைகள் மென்பொருளுக்குப் போயின. முதல் ஞாயிறு திரை முழுக்கச் சிவப்பு எழுத்து. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது. மவுஸைச் சுவரில் எறிந்தேன். எறிந்துவிட்டு நானே எடுத்து வந்து துடைத்து வைத்தேன், வேறு மவுஸ் இல்லை. இரண்டாவது ஞாயிறு நிறுவி முடித்தது. விலாசம், நேரம், மொழி என்று அது கேட்ட பெட்டிகளையெல்லாம் மளமளவென்று நிரப்பினேன். மொழிக்கு ஹிந்தி. தமிழ் அதற்கு அப்போது அவ்வளவாக ஓடவில்லை. அதிலொன்றும் வருத்தமில்லை. இந்தத் தீவில் அக்கம்பக்கத்தில் எல்லோருடனும் ஹிந்திதான், இது இன்னொரு பக்கத்து வீட்டுக்காரர் என்று வைத்துக்கொண்டோம். தீதியும் அதனுடன் பேசலாமே.

சுவிட்சுகள் வந்ததும் மாட்டினேன். ஜன்னலோர விளக்குக்கு ஒன்று, ஃபேனுக்கு வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற மாதிரி ஒன்று, தீதி வீட்டுச் சமையலறையில் ஒரு மின்சார மணிக்கு ஒன்று, ஒன்று கையிருப்பு. பிறகு வெளியே போகும் வயரைப் பிடுங்கினேன்.

"பங்கா பந்த் கரோ," என்றார்.

ஃபேன் நின்றது. நாங்கள் இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். "தீதி கோ புலாவோ," என்றார். சுவருக்கு அந்தப் பக்கம் மணி அடித்தது, தீதி கையில் மாவோடு ஓடி வந்தாள். எதற்குக் கூப்பிட்டீர்கள் என்று அவள் கேட்டபோது, பிடுங்கிய வயரைத் தூக்கிக் காட்டினேன்.

இதோடு விட்டிருக்கலாம். நான் இன்னொன்று சேர்த்தேன். மாலையில் அவர் மாத்திரை மயக்கத்தில் தூங்குவார், சில நாள் சளி கட்டிக்கொண்டு குரலே வராது. பேச முடியாத நேரத்துக்கும் ஒரு அடையாளம் வேண்டும். அதனால் பொழுது சாயும் நேரத்தில் ஜன்னல் விளக்கு தானாக எரியும்படி வைத்தேன். பொழுது எப்போது சாயும் என்று அந்த மென்பொருளே கணக்குப் போட்டுக்கொள்ளும். விளக்கு எரிந்தால் மெஷின் நலம் என்று தீதிக்கு அர்த்தம். எரியாவிட்டால் ஓடி வந்து பார்க்க வேண்டும்.

முதல் நாள் எரியவில்லை. எங்கள் ஊரில் நவம்பர் கடைசியில் ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும். இருட்டிவிட்டதென்று தீதி ஓடி வந்தாள். அவள் விளக்கைப் போட்டுவிட்டுப் போனாள். மறுநாளும் அதே கதை. அதற்கடுத்த நாளும். முக்கால் மணி நேரம் கழித்து மெஷின் அதை எரியச் சொன்னதை யாரும் கவனிக்கவில்லை, அதற்குள் தீதி விளக்கைப் போட்டுவிட்டிருப்பாள்.

"பௌதி, யே மெஷின் டீக் நஹீ ஹை," என்றாள் ஐந்தாம் நாள் என்னிடம், இந்த மெஷின் சரியில்லை அண்ணி என்று. அடுப்பில் மீன் கருகுகிறது, தினமும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது என்றாள். அவள் மேல் ஒரு தப்பும் இல்லை.

நான் மென்பொருளைத் திட்டினேன். எழுதியவர்களைத் திட்டினேன். கேள்வி பதில் பக்கத்தில் கோபமாக ஒரு கேள்வி போட்டேன். எங்கோ குளிர்தேசத்திலிருந்து ஒருவர், உங்கள் வீடு வரைபடத்தில் சரியான இடத்தில் இருக்கிறதா பாருங்கள் என்று பதில் போட்டார். என் வீடு எங்கே இருக்கிறதென்று எனக்குச் சொல்கிறாரா என்று அவரையும் திட்டினேன். டிசம்பர் என்று சொன்னபடி மூத்தார் வர ஒரு வாரம்தான் இருந்தது. அன்று இரவுச் சாப்பாட்டின்போது என் கணவர் சோற்றை மெல்லாமல் வாயில் வைத்துக்கொண்டே இருந்தார்.

"விடு புள்ள. நீயும் எவ்வளவுதான் பண்ணுவ. அண்ணன் கூடப் போறேன்."

அவர் கேலி செய்யாமல் பேசினால் எனக்குத் தாங்காது. எச்சில் கையோடு எழுந்து போய் லேப்டாப்பைத் திறந்தேன். வரைபடத்தைத் தேடினேன். எங்கள் வீட்டைக் குறிக்கும் சின்ன அடையாளம் சென்னையில் நின்றது. கார்கோ ஏஜெண்டின் தெருவில், அவர் குடோன் மேல்.

விலாசம் என்று கேட்டதும் என் கை தானாக அதை எழுதியிருக்கிறது. இத்தனை வருடப் பழக்கம். அந்த மென்பொருள் சென்னையில் சூரியன் மறையும்வரை நேர்மையாகக் காத்திருந்து, முக்கால் மணி நேரம் கழித்து, எங்கள் வீட்டில் விளக்கேற்றியிருக்கிறது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அது நான்தான்.

அவரிடம் போய்ச் சொன்னேன். வாயில் இருந்த சோறு தெறிக்கச் சிரித்தார். நான்கு வருடத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"எங்கண்ணன் டிக்கெட் எடுக்குறதுக்கு முன்னாடியே என்னைய மெட்ராசுக்கு அனுப்பிட்டியேடி!"

அடையாளத்தை விரலால் இழுத்தேன். வங்காள விரிகுடா முழுக்க இழுத்துக்கொண்டு வந்து, டாலிகஞ்ச்சில், எங்கள் தெருவில், எங்கள் கூரை மேல் வைத்தேன். குளிர்தேசத்துக்காரரிடம் மன்னிப்பும் கேட்டேன். மறுநாள் நாலே முக்கால் தாண்டியதுமே தீதி எங்கள் ஜன்னலைப் பார்த்து நின்றாளாம். சூரியன் இறங்கியது, விளக்கு எரிந்தது. அவள் மீன் பொரிக்கப் போய்விட்டாள்.

மூத்தார் விமானத்தில் வந்தார். திரும்பிப் போக இரண்டு டிக்கெட், ஒன்று தம்பிக்கு, வீல்சேருக்கும் சொல்லி வைத்திருந்தார். முதல் நாள் நான் எல்லாவற்றையும் காட்டினேன். கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாம் நல்லாத்தாம்மா இருக்கு. நெட் இருக்கும்போது எதுதான் நல்லா இல்ல?"

வயரைப் பிடுங்கிக் காட்டினேன். நீ பக்கத்தில் இருக்கும்போது காட்டுவதெல்லாம் கணக்கில்லை என்றார். கோபம் வந்தது, ஆனால் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. வயரைத் திரும்பச் சொருகினேன்.

மூன்றாம் நாள் அவர் ஊர் சுற்றிப் பார்க்கப் போனார். நான் லேபுக்குப் போனேன். மூன்று மணி இருக்கும், ரிப்போர்ட் அனுப்பும் கம்ப்யூட்டர் நின்றது. கவுண்டரில் போனில் பணம் அனுப்ப முடியவில்லை என்று சத்தம். யாரோ, நெட் பந்த், பூரா தீவுக்கும் பந்த் என்றார்கள். போனில் எந்த எண்ணும் கிடைக்கவில்லை. எதிரே ஒரு குழந்தை கையை நீட்டி உட்கார்ந்திருந்தது. நரம்பைத் தேடி ரத்தம் எடுத்தேன். நினைப்பெல்லாம் வீட்டில்தான். சுவிட்ச் தீய்ந்து போயிருக்குமோ, லேப்டாப் தூங்கிப் போயிருக்குமோ, அந்தப் பாழாய்ப்போன செப்டம்பர் மாதிரி உதடு நீலம் பாரித்துக் கிடப்பாரோ. நாலரைக்கு முதலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன். சொன்னேனா, கத்தினேனா, நினைவில்லை.

டாலிகஞ்ச் வரும்போது இருட்ட ஆரம்பித்துவிட்டது. தெரு முனையில் திரும்பினேன். ஜன்னலில் விளக்கு எரிந்தது.

அப்போதும் நம்பவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடினேன். லேப்டாப்பில் போட்டு வைத்திருந்த பழைய பாட்டு மெல்ல ஓடிக்கொண்டிருந்தது. ஃபேன் குறைந்த வேகத்தில். கண்ணை மூடித் தலையை ஆட்டிக்கொண்டிருந்தவர் கண்ணைத் திறந்து பார்த்தார்.

"என்ன புள்ள, நாய் துரத்துச்சா?"

"நெட் போயிருச்சுங்க," என்றேன். மூச்சு வாங்கியது.

"அப்படியா? எப்ப?"

"மூணு மணிக்கு."

"எனக்குத் தெரியாதே," என்றார்.

கட்டிலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவருக்குத் தெரியவில்லை. தீவு முழுக்க நின்று போயிருக்கிறது, அவருக்குத் தெரியக்கூட இல்லை. அவர் நெஞ்சில் தலையை வைத்து அழுதேன். இந்த முறை சமையலறைக்குப் போகவில்லை.

பின்னால் செருமல் சத்தம். மூத்தார் வாசலில் நின்றார். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது, அவ்வளவு வியர்வை.

"நெட் போச்சுன்னு ஆட்டோக்காரர் சொன்னாரும்மா. மூணரைக்கே வந்துட்டேன். உள்ள போகல. பின்பக்க ஜன்னலுக்கு வெளியே நின்னு பாத்துட்டே இருந்தேன், எப்ப இவன் கஷ்டப்படுறானோ அப்ப ஓடிப் போகலாம்னு." தம்பியைப் பார்த்தார். "ஃபேனைக் குறைச்சான். பாட்டுப் போட்டான். நடுவுல மணியடிச்சு அந்தப் பெங்காலிப் பொண்ணை வரச்சொல்லி, அண்ணன் வந்தா டீ போட்டு வைன்னு சொன்னான். எனக்கு உள்ள போக வேலையே இல்ல."

மூத்தார் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார், திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரெண்டு டிக்கெட்டுல ஒண்ண மட்டும் கேன்சல் பண்ண முடியுமாம்மா?"

"முடியும் அத்தான்," என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டேன். "ஆனா அதுக்கு நெட் வேணும்."

முதலில் சிரித்தது என் கணவர்தான்.